துணிக்கழிவில் செய்த நீர்த் தூய்மிப்புப் பொருள்: என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

துணிக்கழிவிலிருந்து செய்து, நீரில் கரைந்த சாயத்தையும் உலோகத்தையும் பிடிக்கும் பொருளுக்குத் தமிழில் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> 'துணிக்கரி' என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துறையில் நடப்பதில் பாதி அதில் அடங்காது. பருத்திக் கழிவைக் காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்குவது ஒரு வழி. அந்தக் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாலோ நீராவியாலோ செயலூட்டினால் நுண்துளைகள் பெருகி, ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீட்டரைத் தாண்டிய பரப்புகூடக் கிடைக்கும். இதைக் கரி என்பதில் தடையே இல்லை.

இன்னொரு வழியில் துணி எரிவதே இல்லை. பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸ், அதாவது தாவர இழைகளின் அடிப்படைப் பொருள். அதன் ஹைட்ராக்சில் (-OH) தொகுதிகளோடு சிட்ரிக் அமிலத்தைப் பிணைத்தால் ஈயம், காட்மியம், செம்பு போன்ற உலோக அயனிகளைப் பிடிக்கும். நேர்மின்னூட்டமுள்ள அம்மோனியத் தொகுதிகளைப் பிணைத்தால் எதிர்மின்னூட்டமுள்ள ரியாக்டிவ் சாயங்களை (இழையோடு வினைபுரிந்து பிணையும் சாயங்களை) பிடிக்கும். கையில் எடுத்தால் இப்போதும் அது துணிதான், மடிக்கலாம், பிழியலாம். சாயநீரில் போட்டு வைத்தால் நீர் வெளுத்துக்கொண்டே வர, துணியில் நிறம் ஏறும். இதைப் போய்க் கரி என்றால் படிப்பவர் குழம்பிப்போவார்.

'வடிகட்டி'யும் வேண்டாம். கரைந்த சாயமும் அயனியும் சல்லடையில் நிற்காது. பொருளின் பரப்பில் ஒட்டிக்கொள்வதால்தான் அவை நீரைவிட்டுப் பிரிகின்றன. பெயரில் தெரிய வேண்டியது இந்தச் செயல். 'உறிஞ்சி' என்றால் பஞ்சு நீரைக் குடிப்பதுபோல் ஆகிவிடும். பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இந்தச் செயலுக்கு, அதாவது அட்சார்ப்ஷனுக்கு (adsorption), பாடநூல்களில் 'பரப்பு கவர்தல்' இருக்கிறது, இலங்கை வழக்கில் 'புறத்துறிஞ்சல்'. இரண்டும் சரியான சொற்கள்தான். நான் 'கவர்தல்' பக்கம் நிற்கிறேன், அதிலிருந்து கிளைச்சொற்கள் சுலபமாக வருகின்றன: கவர்பொருள், கவர்திறன், கவர்பரப்பு. பிடித்ததைத் திரும்ப விடுவதற்கு 'விடுவிப்பு'. ஆநிரை கவர்ந்த காலத்திலிருந்தே 'கைப்பற்றிக் கொள்ளுதல்' என்ற பொருள் அந்தச் சொல்லில் இருக்கிறது.

முன்னொட்டு அடுத்த சிக்கல். 'நெசவுக்கழிவு' என்றால் பின்னலாடை வெட்டுத்துண்டு வெளியே போய்விடும். 'துணிக்கழிவு' என்றால் நூற்பாலையில் விழும் பஞ்சுத்தூசி வராது. 'இழைக்கழிவு' இவை எல்லாவற்றையும் அணைத்துக்கொள்கிறது.

ஆக, என் முன்மொழிவு: இழைக்கழிவுக் கவர்பொருள். கட்டுரையில் முதல்முறை முழுப்பெயர், அப்புறம் 'கவர்பொருள்' போதும். 'கவரி' என்று சுருக்க வேண்டாம், அது மானுக்கும் சாமரத்துக்கும் போய்விட்ட சொல்.

---

> பாலியெஸ்டர் கழிவும் இதில் வருமா? அதில் பிணைக்க ஹைட்ராக்சில் தொகுதிகள் அவ்வளவாக இல்லையே.

வரும், வேறு வழியாக. பாலியெஸ்டரைக் காரத்தில் சிதைத்தால் டெரெப்தாலிக் அமிலம் கிடைக்கும். அதை உலோக அயனிகளோடு கோத்து, துளைகள் நிறைந்த படிகச் சட்டகம் செய்கிறார்கள். அதுவும் மாசைப் பரப்பில்தான் கவர்கிறது, அதனால் பெயர் பொருந்தும்.

---

கவர்பொருளுக்கு என் வாக்கும் உண்டு. ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. வேலை முடிந்து ஈயமோ சாயமோ நிரம்பிய பொருளை என்ன சொல்வது? 'பயன்படுத்திய கவர்பொருள்' என்று எழுதினால் சாதாரணக் குப்பை என்று யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்கள், பிடித்த உலோகம் மறுபடி மண்ணுக்கும் நீருக்கும் போகும். 'மாசேறிய கவர்பொருள்' என்றால் ஆபத்து பெயரிலேயே தெரியும். அமிலத்தால் கழுவி உலோகத்தை விடுவித்த பிறகு 'மீட்ட கவர்பொருள்' என்று எழுதலாம்.

---

'மாசேறிய', 'மீட்ட' இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். படிகச் சட்டகத்துக்கு இன்னும் சொல் இல்லை. 'உலோகக் கரிமச் சட்டகம்' (metal-organic framework) என்று தற்காலிகமாகப் பட்டியலில் போடுகிறேன், இதைவிடக் கச்சிதமாகத் தோன்றினால் எழுதுங்கள்.