மறு: ‘சாவரின் வெல்த் ஃபண்ட்’ - தமிழில் எதை நிலைப்படுத்தலாம்?

> ‘இறையாண்மைச் செல்வ நிதியம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, செய்திகளில் அப்படித்தானே வருகிறது.

வருகிறது, மறுக்கவில்லை. நம் கலைச்சொல் பட்டியலுக்காகப் பெயர் தேடுவது, ஓர் அரசு தன் கையிலுள்ள பணத்தை முதலீடு செய்து வைக்கும் நிதியத்துக்கு. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இறையாண்மை என்றதும் தனிநாடு, எல்லை, கொடி என்றுதான் மனம் ஓடும். இந்த நிதியங்களுக்கு அது தேவையே இல்லை. 1976இல் வந்த அலாஸ்கா நிரந்தர நிதியம் ஓர் அமெரிக்க மாநிலத்தினுடையது. அதே ஆண்டில் வந்த அபுதாபி முதலீட்டு ஆணையமும் ஓர் அமீரகத்துக்கு மட்டும் உரியது. ‘நாட்டுச் செல்வ நிதியம்’ என்ற பரிந்துரையும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. ‘அரசு’ என்று போட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

அடுத்தது ‘செல்வம்’. குவைத் 1953லேயே எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியம் அமைத்துவிட்டது. இந்த ஆங்கிலப் பெயரோ 2005இல் ஆண்ட்ரூ ரோசனோவ் எழுதிய கட்டுரையில்தான் வந்தது. பிற்பாடு ஒட்டிய சீட்டை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய கட்டாயம் என்ன? எண்ணெய், செம்பு, ஏற்றுமதி உபரி என்று கையில் மிஞ்சியதை முதலீடு செய்தால் அது செல்வம்தான், சரி. ஆனால் 2009இல் மலேசியாவில் தொடங்கிய 1எம்டிபி என்ற அரசு நிதியம் பெரும்பாலும் கடன்பத்திரம் விற்று வாங்கிய பணத்தில் ஓடியது. அதையும் செல்வ நிதியம் என்று எழுதினால், பணம் எங்கிருந்து வந்தது என்ற முதல் கேள்வியே வாசகருக்குத் தோன்றாமல் போய்விடும். ஆகவே என் வாக்கு ‘அரசு முதலீட்டு நிதியம்’. சவூதியின் நிதியத்தோடு குழம்பும் என்று பயம் வேண்டாம், அது ‘பொது முதலீட்டு நிதியம்’ என்று இயற்பெயராகவே நிற்கட்டும்.

> ஓய்வூதிய நிதியங்களையும் இதிலேயே சேர்த்துவிட்டால் என்ன? இரண்டும் அரசுப் பணம்தானே.

இல்லை, இதில்தான் விஷயமே இருக்கிறது. கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியமான கால்பெர்ஸில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு, மாதாமாதம் பணம் கொடுத்தாக வேண்டும், நிர்வாகக் குழுவுக்கு உறுப்பினர் நலனே முதல் கடமை என்று மாநில அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கிறது. எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த நார்வே அரசு நிதியத்தில் யாருக்கும் கணக்கு கிடையாது. நீண்ட காலத்தில் எதிர்பார்க்கும் மெய்வருவாயான (பணவீக்கம் போக மிஞ்சுவது) 3% அளவுக்குத்தான் அரசு எடுத்துச் செலவழிக்கலாம் என்பது நெறி. வாசலில் வந்து பணம் கேட்க ஆளில்லாததால்தான், பங்குகளின் அளவை 40 சதவீதத்திலிருந்து 60 ஆக்குவது என்று 2007இல் எடுத்த முடிவை, 2008இல் உலகச் சந்தையே சரிந்தபோதும் கைவிடாமல் வாங்கிக்கொண்டே போக முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நார்வே நிதியத்தின் பெயரில் 2006 முதல் ‘ஓய்வூதியம்’ இருக்கிறது, அதற்கு முன்பு வெறும் பெட்ரோலிய நிதியம். அதே 2006இல் ஆஸ்திரேலியா தொடங்கிய ‘எதிர்கால நிதியம்’ நடுவணரசு ஊழியர்களின் ஓய்வூதியக் கடப்பாட்டுக்காகவே வந்தது, பெயரில் ஓய்வூதியம் இல்லை! எனவே பெயரைப் பார்த்து வகைப்படுத்தக் கூடாது. இந்த நிதியங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் 2008இன் சாண்டியாகோ ஆவணம்கூட வரையறையிலேயே அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியங்களையும், தனிநபர்களின் நலனுக்காக நிர்வகிக்கும் சொத்துகளையும் விலக்கிவிடுகிறது. நாமும் ‘பொது ஓய்வூதிய நிதியம்’ என்று தனியே வைப்போம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி போல அரசு முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்கு ‘ஓய்வூதிய இருப்பு நிதியம்’ பொருந்தும்.

அந்த சாண்டியாகோ ஆவணத்தை யாரோ ‘சாண்டியாகோ விதிகள்’ என்று எழுதியிருந்தீர்கள். மொத்தம் 24, அத்தனையும் விரும்பி ஏற்பவை, மீறினால் தண்டனை கிடையாது. ‘நெறிகள்’ போதும். உண்மையான கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது: முதலீட்டை ஏற்கும் நாட்டின் சட்டத்திலும், நிதியத்தின் சொந்த வரம்புகளிலும். துபாய் நிறுவனம் அமெரிக்கத் துறைமுகப் பணிகளை வாங்கியதில் 2006இல் கிளம்பிய சண்டைக்குப் பிறகு, அடுத்த ஆண்டே அங்கே அந்நிய முதலீட்டுப் பரிசீலனைச் சட்டம் இறுகியது. நார்வேயோ பொதுவாக ஒரு நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்குகளில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தானே வேலி போட்டுக்கொண்டது.

அப்புறம், பட்டியலில் ‘அசெட் அலொகேஷன்’ என்பதற்குச் ‘சொத்துப் பகிர்வு’ என்று ஒன்று பார்த்தேன். பங்கு, பத்திரம், நிலம் என எதில் எவ்வளவு போடுவது என்ற முடிவைச் சொல்ல வந்தது, அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது போல ஒலிக்கிறது. ‘முதலீட்டு ஒதுக்கீடு’ என்று மாற்றிவிடலாம்.

கடைசியாக ஒரு சோதனை. சிங்கப்பூரில் தொழிலாளரின் மத்திய சேமநிதிப் பணம் சிறப்பு அரசுப் பத்திரங்களுக்குப் போகிறது, அரசு அதை மற்ற நிதிகளோடு கலந்து முதலீடு செய்கிறது, அதில் பெரும்பகுதியை அரசின் முதலீட்டு நிறுவனமான ஜிஐசி கையாளுகிறது. உறுப்பினருக்கு அரசிடம்தான் பாத்தியதை, ஜிஐசியிடம் இல்லை. எனவே ஜிஐசி அரசு முதலீட்டு நிதியம்தான் என்பேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றலாம்.