டூல் ரெஸ்ட் முறிந்த அன்று: மூன்று பேரின் கடைசல் அனுபவங்கள்

மூன்று வருடமாக வீட்டுக் கொட்டகையில் மரம் கடைகிறேன். போன மழைக்காலத்தில் 10 அங்குல வாகைக் கட்டை ஒன்றைக் கிண்ணமாகக் கடைந்துகொண்டிருந்தேன். வெளிப்பக்கம் முடிந்து உட்பக்கம் குடைய ஆரம்பித்திருந்தேன். வேகம் நிமிடத்துக்கு 800 சுற்று. அந்த அளவுக் கிண்ணத்தின் விளிம்பு அப்போது நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடும். குடையக் குடைய உளி உள்ளே போனது, உளியைத் தாங்கி நிற்கும் ரெஸ்ட்டை மட்டும் நான் நகர்த்தவில்லை. முனை ரெஸ்ட்டைத் தாண்டி நான்கு விரற்கடை நீண்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. கைப்பிடியில் கடகடவென்று அதிர்வு ஏறியது. அடுத்த கணம் உளி மரத்தில் கொத்திக்கொண்டது. பட்டென்று ஒரு சத்தம். ரெஸ்ட், தண்டோடு சேரும் கழுத்தில் முறிந்து லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் விழுந்தது. முகக் கவசம் போட்டிருந்தேன், காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று முழுக்கக் கை நடுங்கியது.

முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ரவை ரவையாக இருந்தது, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு காற்றுக் குழி. வார்ப்பிரும்பை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்து இழுத்தால் தாங்காது. ரெஸ்ட்டின் கழுத்தில் விழுவது அந்த இழுப்புதான். லேத்தோடு வந்த ரெஸ்ட் அது, தண்டு 16 மி.மீ.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தண்டின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். அதாவது 16 மி.மீ. தண்டு 25 ஆனால் ஏறக்குறைய ஆறு மடங்கு விறைப்பு. உளிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு: ரெஸ்ட்டுக்கு வெளியே நீளும் பகுதி இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்துக்கு முனை எட்டு மடங்கு வளையும். அதுவரை நல்ல உளிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்திருந்தேன். அந்த உளி எதன் மேல் உட்காருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ரெஸ்ட்டின் தண்டைச் செருகி இறுக்கும் அடிப்பாகத்துக்குப் பேஞ்சோ என்று பெயர். அதில் துளையைச் சுற்றி இரும்பு நல்ல கனமாக இருந்ததால், மெஷின் பட்டறையில் கொடுத்துத் துளையை 25 ஆகப் பெருக்கினேன். 25 மி.மீ. பிரைட் பாரில் (வழவழப்பான எஃகுக் கம்பி) தண்டு, கனமான எஃகுப் பட்டையில் உடம்பு, முதுகில் 12 மி.மீ. கடினமாக்கிய உருளைக் கம்பி. கம்பியின் அடிப்பக்கத்தில் மட்டும் விட்டு விட்டு வெல்டிங் வைக்கச் சொன்னேன். நீளமாகச் சுட்டால் மேல்பக்கத்தின் கடினம் போய்விடும். கிண்ணத்தின் உள்ளே நுழையும்படி இதே முறையில் வளைவாகவும் ஒன்று செய்தேன். வளைந்த ரெஸ்ட் உளியின் அழுத்தத்தில் தண்டைப் பக்கவாட்டில் திருகப் பார்க்கும். அதற்கும் தடித்த தண்டுதான் கைகொடுக்கிறது. இப்போது இரண்டு மூன்று சுருள் விழுந்ததும் லேத்தை நிறுத்தி, ரெஸ்ட்டை உள்ளே தள்ளி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுகிறேன்.

* * *

மேலே தம்பி சொன்ன அதிர்வை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கடைசல் என்றால் எல்லாருக்கும் மரச் சொப்புதான் ஞாபகம் வரும், அப்பா கடைந்தது கட்டில் காலும் தொட்டில் கம்பும். அவருடைய ரெஸ்ட் ஒரே ஒரு இரும்புப் பட்டை. இரண்டடிக்கு மேல் நீளம், இரண்டு முனையும் கட்டையில் ஆப்பு வைத்து இறுக்கியிருக்கும். அதன் மேல் உளி ஒரே இழுப்பில் கட்டில் காலின் முழு நீளத்துக்கும் ஓடி வரும், எங்கும் தடங்காது. நான் வாங்கிய 14 அங்குல ரெஸ்ட் நடுவில் ஒற்றைத் தண்டில் நின்றது. ஓரத்துக்கு உளி போனாலே ரீங்காரம், மரத்தில் சுற்றிச் சுற்றிப் புரிக்கோடு. நீள வேலைக்கு இரட்டைத் தண்டு ரெஸ்ட்டையே தேடுங்கள்.

இன்னொன்று. அப்பா காலையில் லேத்தை ஓட்டும் முன் பட்டையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்காவது தட்டினால் அரத்தை எடுத்து நீளவாக்கில் இரண்டு இழுப்பு. அப்புறம் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்ப்பார். உளியை விட மென்மையான இரும்பு, உளி விழுந்த இடமெல்லாம் வெட்டுப் படும். அந்த வெட்டில் உளி ஒரு நொடி நின்று குதிக்கும், அது அப்படியே மரத்தில் பதியும்.

* * *

நான் பம்பரமும் பேனாவும் மட்டும் கடைகிறவள். மினி லேத், துளையைப் பெருக்க இடமே இல்லை. அதனால் ரெஸ்ட்டைச் சின்னதாக்கினேன், 12 அங்குலத்துக்குப் பதில் 6. அதிலேயே அதிர்வு பாதி அடங்கிவிட்டது.

அதற்கு முன் ஒரு தடவை அளக்காமல் வாங்கி ஏமாந்தேன். வந்த ரெஸ்ட்டின் முதுகு லேத்தின் மையத்துக்கு 4 மி.மீ. மேலே நின்றது. தண்டை அறுத்தாலும் பயனில்லை, ரெஸ்ட்டின் உடம்பே பேஞ்சோவில் உட்கார்ந்துவிட்டது. பேஞ்சோவின் மேல்தளத்திலிருந்து மையம் வரை எத்தனை மி.மீ. என்று அளந்து, ரெஸ்ட்டின் உடம்பு அதைவிட 10 மி.மீ.யாவது குறைவாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இறுக்கும் கைப்பிடியையும் பாருங்கள் அண்ணா. நான் தண்டில், பேஞ்சோவைத் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வேலை நடுவில் அந்தக் கோடு உள்ளே மறைந்தால் ரெஸ்ட் இறங்குகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுவேன்.