பொட்டலத்தின் மேல் ஊர்ப்பெயர்: உரிமை யாருக்கு?

செம்புலம்:
அயல்நாட்டு அங்காடி ஒன்றில், சற்றும் எதிர்பாராத அடுக்கில், பழகிய ஊர்ப்பெயர் தாங்கிய பொட்டலத்தைக் கண்டால் கை தானாகவே நீள்கிறது. திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி தெரிகிறது: முகப்பில் விரல் பருமனில் ஊரின் பெயர், பின்புறம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் வேறொரு நாட்டின் பெயர். அந்த ஊரின் மண்ணும் தண்ணீரும் உழைப்பும் துளியும் சேராத பண்டத்துக்கு அதன் பெயரைச் சூட்டுவது ஏமாற்று என்பதே என் நிலைப்பாடு. ஃபெட்டா பாலாடைக்கட்டி என்னும் பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தது இதனால்தான்.

வழிப்போக்கன்:
செம்புலம் அவர்களே, ஃபெட்டா ஊர்ப்பெயரே அன்று. ‘துண்டு’ என்று பொருள்படும் சொல், அதுவும் இத்தாலிய மொழியிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தது. உண்மையான ஊர்ப்பெயருக்குச் செடாரைப் பாருங்கள். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள சிற்றூர் அது. அதன் பெயரில் இன்று பல கண்டங்களில் பாலாடைக்கட்டி செய்கிறார்கள், வாங்குபவர் எவரும் அது அந்தச் சிற்றூரிலிருந்து வந்ததாக நினைப்பதில்லை. பிழைப்புத் தேடிப் போனவர்கள் கைத்தொழிலோடு பெயரையும் எடுத்துச் சென்றார்கள். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

பெயரைப் பூட்டி வைப்பதால் வரும் அநியாயமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்து மதுவின் பெயரைக் காப்பதற்காக ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 2004 முதல் அக்கிராமத்தார் தாங்கள் வடிக்கும் மதுவின் சீட்டில் தங்கள் ஊரின் பெயரையே எழுத முடியாமல் போயிற்று.

செம்புலம்:
அந்தக் கிராமத்துக்கு நேர்ந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் வெறும் செய்முறையைத்தான் குறிக்கிறது என்றால், வேறு நாட்டில் செய்த பொட்டலத்தின்மேல் நீலக் கடலையும் வெள்ளைச் சுவர்களையும் வரைவானேன்? விற்பது பாலாடைக்கட்டி, விலைபோவது கிரேக்கம். டென்மார்க் நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்த கட்டிக்கும் ஃபெட்டா என்றே பெயரிட்டன. அதைத் தடுக்காதது டென்மார்க்கின் தவறு என்று அதே நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பெயருக்கு மதிப்பு இல்லையென்றால் அவ்வளவு தூரம் வழக்காடியிருக்க மாட்டார்கள்.

துலாக்கோல்:
இருவரும் ஒரே சட்டம் உலகெங்கும் செல்லுபடியாவது போலப் பேசுகிறீர்கள். பார்மசான் என்ற பெயர் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியை நினைவூட்டுவதே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் கூறியது. அமெரிக்காவிலோ அது எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பெயர். க்ரூயேர் என்ற பாலாடைக்கட்டியின் பெயரும் அங்கே பொதுப்பெயர்தான் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று முடிவுசெய்தது. எனக்குப் பிடித்த வழி இலங்கையினுடையது. நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னும் தேயிலையில் சிலோன் என்ற பெயரை விடாமல், முழுக்க அங்கே விளைந்து அங்கேயே பொதியப்பட்ட தேயிலைக்கு மட்டும் சிங்க முத்திரையைத் தருகிறார்கள். முத்திரையைத் தேடுபவர் ஏமாறுவதில்லை.

வழிப்போக்கன்:
முத்திரையை நானும் வரவேற்கிறேன். அது தன் பொருளை அடையாளம் காட்டுகிறதே தவிர, பிறர் வாயை அடைப்பதில்லை.

செம்புலம்:
முத்திரையை அறியாதவர் என்ன செய்வார்? உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, மதுவுக்கு மட்டும் ‘இன்ன ஊர்ப் பாணி’ என்று எழுதுவதைக்கூடத் தடுக்கிறது, உண்மையான பிறப்பிடத்தைப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தாலும். தேயிலைக்கும் பாலாடைக்கட்டிக்கும் வாங்குபவர் ஏமாறினார் என்று காட்டியாக வேண்டும். மதுவுக்குக் கொடுத்த காவலை மற்றவற்றுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வழிப்போக்கன்:
அந்த ஏற்றத்தாழ்வு வெறும் பேரம்தான், அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் நான் அந்தக் காவலை மதுவிலிருந்து நீக்கச் சொல்வேன். நீங்கள் செடாருக்கும் நீட்டச் சொல்கிறீர்கள். பிறந்த நாட்டின் பெயரையும் முகப்பிலேயே, அதே பருமனில் அச்சிட வேண்டும் என்று கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.