அப்பாயி கல்யாண சர்டிபிகேட்ல 'ஸ்பின்ஸ்டர்'னு இருக்கு, இது திட்டா?

நாகை_பேத்தி:
எங்க அப்பாயி கல்யாணம் நாகப்பட்டினத்துல சர்ச்ல நடந்தது, அந்த சர்டிபிகேட் இப்பதான் கைக்கு வந்துச்சு. அதுல அப்பாயி பேருக்கு நேரா ஸ்பின்ஸ்டர்னு போட்ருக்கு. அந்த வார்த்தைன்னா வயசாகியும் கல்யாணம் ஆகாத பொம்பளைன்னு கேவலமா சொல்றதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, அப்பாயிக்கு அப்ப சின்ன வயசுங்க, ஏன் இப்படி எழுதுனாங்க?

தாலுகா ரோடு:
திட்டு இல்லம்மா, மனசுல வச்சுக்காதீங்க. 1872 இந்திய கிறிஸ்தவ திருமண சட்டத்தோட ஃபார்ம்லயே அந்த வார்த்தைதான், இதுவரைக்கும் கல்யாணம் ஆகாத பொண்ணு, அவ்ளோதான் அர்த்தம். பதினெட்டு வயசுப் பொண்ணுக்கும் அதேதான் போடுவாங்க. ஸ்பின்னுன்னா நூல் நூக்குறது, ஸ்டர்ங்கறது பழைய இங்கிலீஷ்ல வேலை செய்ற பொண்ணைக் குறிக்கிற விகுதி, வெப்ஸ்டர்னா நெய்யிறவ, ப்ரூஸ்டர்னா பீர் காய்ச்சுறவ, பின்னாடி அதெல்லாம் குடும்பப் பேராவே ஆயிடுச்சு. ஒரு தறிக்கு நூல் குடுக்கணும்னா நிறைய பேர் நூக்கணும், புருஷன் துணை இல்லாத பொண்ணுங்க வீட்ல இருந்தே அதுல சம்பாதிச்சாங்க, அதனால 17ம் நூற்றாண்டுல சட்டப் பேப்பர்லயே கல்யாணம் ஆகாதவளுக்கு அது பேரா நின்னுடுச்சு. ஏளனம் அப்புறமா ஏறுனதுதான். உழைச்சு சாப்பிட்டவளோட பேரை இப்படி ஆக்கிட்டாங்களேன்னு எனக்கு நெசமாவே கோவம் வரும். இங்கிலாந்துல 2005லேருந்து கல்யாண ரெஜிஸ்டர்ல சிங்கிள்னுதான் எழுதுறாங்க.

கும்மோணம் தமிழ்வாத்தி:
நம்ம சங்கப் பாட்டுலயும் இதே பொண்ணுங்க இருக்காங்க! நற்றிணை 353, கபிலர் பாட்டு, "ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்குநுண் பனுவல்"னு வரும். ஆள் இல்லாத பெண்டிர் முயற்சியால நூத்த மெல்லிசான நூல், மலைமேல தவழ்ற மேகத்துக்கு அதைத்தான் உவமையா சொல்றார். புறநானூறு 125லயும் பருத்திப் பெண்டு, அதாவது பருத்தியில நூல் நூக்குறவ, வர்றா. ஒட்டு உறவு இல்லாத ரெண்டு ஊர்ல துணையில்லாத பொண்ணுக்கு ஒரே தொழில் சோறு போட்ருக்கு பாருங்க.

திருபுவனம் தறி:
எங்க தெருவுல இன்னைக்கும் தார் சுத்துறது, அதாவது தறிக்குப் போற ஊடைநூலைச் சின்னக் குழல்ல சுத்துறது, பொம்பளைங்கதான். தார் வரலன்னா தறி நின்னுடும், ஆனா சேலைக்குப் பேரு நெய்யிறவருக்குத்தான் போகும்.

நாகை_பேத்தி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இதை அப்படியே எங்க ஃபேமிலி குரூப்ல போடப்போறேன். தாத்தா பேருக்கு நேரா பேச்சிலர்னு இருக்கு, அதை யாரும் ஒண்ணும் சொல்லல! வாரிசு சர்டிபிகேட் வாங்குற வேலைக்காக இதைத் தமிழ்ல மொழிபெயர்க்கணும், என்னன்னு போடறது?

தாலுகா ரோடு:
ரெண்டு பேருக்குமே 'மணமாகாதவர்'னு போடுங்க. சிலர் பொண்ணுக்கு மட்டும் கன்னின்னு எழுதிடுவாங்க, அது வேணாம்.