பாதுகாப்புச் செயலாளர் எண்டா எங்கட செயலாளர் மாதிரியோ?

கொக்குவில் பெடியன்:
ஏ.எல் வரலாறு படிக்கிறன். வியட்நாம் போரை 'மக்னமாராவின் போர்' எண்டு எழுதிக் கிடக்கு. மக்னமாரா அப்ப அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராம். செயலாளர் எண்டா கோப்பில கையெழுத்து வைக்கிறவர்தானே?

சங்கக்கடைக் கிழவன்:
தம்பி, சொல்லாலதான் குழப்பம். இங்க செயலாளர் அமைச்சருக்குக் கீழ. அமெரிக்காவில அவர்தான் அமைச்சர். 1958 சட்டத்துக்குப் பிறகு சனாதிபதியின்ர கட்டளை அவரூடாகத்தான் களத்துக்குப் போகும்.

மக்னமாரா ஃபோர்ட் கார்க் கொம்பனித் தலைவரா இருந்து 1961இல வந்தவர். எல்லாத்துக்கும் கணக்கு. வெற்றியையும் பிணத்தை எண்ணித்தான் அளந்தவை. மேலிடம் எண்ணிக்கை கேட்டா கீழ இருக்கிறவன் கூட்டித்தானே சொல்லுவான்? 20 வருசம் இருப்புக் கணக்கு எழுதினவன் சொல்லுறன்.

வட வியட்நாமில எங்க குண்டு போடுறது எண்டதையும் வெள்ளை மாளிகையில செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மேசையிலதான் தெரிவு செய்தவை.

சுன்னாகத்தான்:
அண்ணை, பிழை முழுக்க அவரிலயோ? வியட்நாமில அமெரிக்கப் படைக்குத் தளபதியா இருந்த வெஸ்ட்மோர்லண்டும்தானே இன்னும் இன்னும் படை கேட்டவர்.

சங்கக்கடைக் கிழவன்:
ஓம், அதுவும் சரி. 1967 நவம்பரில மக்னமாராவே, படையைக் கூட்டவேண்டாம், குண்டுவீச்சை நிப்பாட்டுங்கோ எண்டு சனாதிபதி ஜான்சனுக்கு எழுதினவர். அதுக்கிடையில அங்க கிட்டத்தட்ட 5 லட்சம் அமெரிக்கப் படை. 1968 பெப்ரவரியோட அவற்ற கதிரையும் போட்டுது.