மறுமொழி: ‘ஃபோர்சிங் கோன்’ – அழுத்தக்கூம்பா, நுழைகூம்பா?

அன்பின் குழுவினருக்கு,

ரிவால்வர் குழலின் பின்முனையில் குண்டு நுழையும் கூம்புச் சரிவான ‘ஃபோர்சிங் கோன்’, துப்பாக்கியின் கனமான உடலான ‘ஹெவி ஃப்ரேம்’ ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் வந்த மடலுக்கு இது பதில்:

> ‘அழுத்தக்கூம்பு’ என்றே வைக்கலாம். ‘ஹெவி ஃப்ரேம்’ என்பதற்குக் ‘கனச்சட்டகம்’ போதும். கனமாக இருந்தால் நீடித்து உழைக்கும் என்பதுதானே கருத்து?

ஐயா, கனச்சட்டகம் நல்ல சொல், எனக்கு முழு உடன்பாடு. ஆனால் விளக்கத்தில் கனத்தையும் உழைப்பையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். எந்த இடத்தில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதுதான் ‘மேக்னம்’ என்ற வலுமிக்க தோட்டாவைச் சுடும் ரிவால்வரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் .357 மேக்னத்தை 1935இல் பெரிய ‘என்’ சட்டகத்தில்தான் கொண்டுவந்தது. நாள் முழுக்க இடுப்பில் சுமக்கும் காவலர்களுக்காக 1955இல் அதே தோட்டாவைச் சிறிய ‘கே’ சட்டகத்துக்குள் அடக்கினார்கள். ‘கே’ அடிப்படையில் .38 என்ற வலுக்குறைந்த தோட்டாவுக்கு உரிய அளவு. தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் தாங்கும் கை மடங்கி உட்கார இடம் போதாததால் குழலின் பின்முனையில் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. உலோகம் மெலிந்தது அங்கேதான். பயிற்சிக்கு .38, பணிக்கு மேக்னம் என்று இருந்தவரை பெரிய தொல்லையில்லை. பயிற்சியிலும் மேக்னமே, அதுவும் 125 கிரெயின் எடையுள்ள இலேசான குண்டு என்றானதும் சிக்கல் தொடங்கியது. நீளம் குறைந்த அந்தக் குண்டின் பின்னாலேயே கொதிக்கும் வாயுவும் எரிந்து முடியாத மருந்துத் துகளும் பாய்ந்து ‘ஃபோர்சிங் கோன்’ என்ற அந்த உட்சரிவை அரிக்கும். கடைசியில் சீவிய இடத்தில் விரிசல் விழும்.

1980களின் தொடக்கத்தில் வந்த ‘எல்’ சட்டகம் இதற்கான விடை. கைப்பிடி ‘கே’ அளவேதான். சட்டகத்தின் உள்வெளி கூடியதால் சீவலுக்குத் தேவையில்லாமல் போயிற்று. நான்கு அங்குலக் குழலுடன் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. இடுப்பில் அது உறைக்கத்தான் செய்யும். ஆனாலும் மேக்னமே சுடுகிறவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

மறுபக்கம், ‘என்’ சட்டகத்து .44 மேக்னத்திலும் முழுவேகத் தோட்டாக்களையே தொடர்ந்து சுட்டால் உருளை முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். பட்டறையில் ‘ப்ளே வந்துவிட்டது’ என்போமே, அதேதான். ‘எண்ட் ஷேக்’ எனப்படும் இதற்கு ‘நெடுக்காட்டம்’ என்று முன்மொழிகிறேன். கனம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதுவே சான்று.

இனி அந்தக் கூம்பு. உருளையிலிருந்து தாவும் குண்டைச் சற்றே அகன்ற வாயால் வாங்கி, நேராக்கிக் குழலுக்குள் விடுவது அதன் வேலை. ‘அழுத்தக்கூம்பு’ என்றால் வாயு அழுத்தத்தை அளக்கும் கருவி என்று படிப்பவர் எண்ணக்கூடும். ‘குழல்வாய்’ என்றால் குண்டு வெளியேறும் முனை நினைவுக்கு வரும். நுழைவாயில் போல ‘நுழைகூம்பு’ என்றால் இடமும் வேலையும் ஒருசேர விளங்குகின்றன. ஷாட்கன்னில் தோட்டா அறைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சரிவுக்கும் இதே ஆங்கிலப் பெயர்தான். அங்கும் இது பொருந்தும்.

மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் இந்த வாக்கியத்தில் இட்டுப் பார்த்து எழுதுங்கள்: ‘நுழைகூம்பின் அடிப்பக்கத்தில் விரிசல், உருளையில் நெடுக்காட்டம் ஆகிய இரண்டையும் பார்க்காமல் பழைய மேக்னத்தை வாங்காதீர்கள்.’

அன்புடன்