அப்பா வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, டெஸ்ட்டுக்கு வர மாட்டேங்குறார், யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. அப்பாவுக்கு 58 வயசு, தறி ஓட்டுறவர். நைட் ஷிப்ட்ல தூக்கம் வரக்கூடாதுன்னு ஆரம்பிச்ச வெத்தலை பாக்கு போயிலை, இப்ப படுக்கும்போதும் கடவாயில ஒரு உருண்டை ஒதுக்கிட்டுதான் படுக்கிறார். போன வாரம் ரசம் சோறு எரியுதுன்னு தட்டைத் தள்ளி வச்சிட்டார், செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா போயிலை ஒதுக்குற அதே எடத்துல வெள்ளையா ஒரு திட்டு, துணியால தொடச்சாலும் போகல. வாயும் முழுசா தொறக்கல, மூணு விரல் நுழையணுமாம், இவருக்கு ரெண்டே திக்கித் திக்கித்தான் போகுது.

பல் டாக்டர் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னார். கத்தி பட்டா பரவிடும்னு இவர் ஒரே பிடிவாதம், அது கட்டுக்கதைன்னு சொன்னா என்னைத்தான் திட்டுறார். போயிலைய விட்டுட்டேன் வெறும் பாக்குதான்னு வேற சமாளிப்பு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்லிருச்சு, வாய் இறுகுறதுக்கும் பாக்குதான் முக்கிய காரணம், இதை எப்படிங்க புரிய வைக்க?

வீட்ல யாருக்காச்சும் இந்த டெஸ்ட் எடுத்திருந்தா வலி எப்படி இருந்துச்சு, எத்தனை நாள்ல சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. 1800-11-2356 புகையிலை ஹெல்ப்லைன்ல பேசி விட்டவங்க இருக்கீங்களா? வாய் எரியுறவங்க, போயிலைய நிறுத்தறதுக்குக் குடுக்குற நிக்கோடின் கம் மெல்லலாமா? டெஸ்ட் எடுக்குற எடம் ஈரோடு, சேலம் பக்கம்னா எங்களுக்கு அலைச்சல் கம்மி.